கறி தின்னா கெடுதலா? (எங்க வீட்டுக் கூறு)

போன மாசம் திண்டிவனத்துலேருந்து விழுப்புரம் வர்ற பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தார். ஐம்பது வயசு இருக்கும். பை நிறைய மாத்திரை. சுகர், பிரஷர்னு ஆரம்பிச்சு கடைசியில சாப்பாட்டுக்கு வந்தார்.

"டாக்டர் ரெட் மீட் தொடவே கூடாதுன்னுட்டார் சார். நானும் சுத்தமா நிறுத்திட்டேன்."

"அப்படியா, கஷ்டமா இல்லையா?"

"என்னா கஷ்டம்? இப்பல்லாம் வெறும் மட்டன் மட்டும்தான்."

சிரிக்கவும் முடியல, திருத்தவும் மனசு வரல. விக்கிரவாண்டி டோல்கேட் வர்ற வரைக்கும் யோசிச்சுட்டு, கடைசியில சொல்லிட்டேன். மனுஷன் முகம் வாடிப்போச்சு. "அப்ப ஞாயித்துக்கிழமை என்னாத்த சார் சாப்புடறது?"னு கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தது. காரணம், இதுல என் தப்பு ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

(நான் டாக்டர் இல்லைங்க. ஞாயித்துக்கிழமை கறிக்கடை வரிசையில நிக்கிற சாதாரண ஆளு. அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.)

முதல்ல அந்த பஸ் நண்பரோட குழப்பம். நம்ம பக்கம் ரெட் மீட்னா மாட்டுக்கறின்னு மட்டும் நிறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க. அப்படி இல்ல. ஆடு, செம்மறி, மாடு, எருமை, பன்றி எல்லாமே சிவப்பு இறைச்சிதான். தசையில மயோகுளோபின்னு ஒரு புரதம் இருக்கு. அதுல இரும்பு இருக்கு. அதுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். கோழியிலயும் மீன்லயும் அது கம்மி, அதனால அதெல்லாம் இந்தக் கணக்குல வராது. ஆக, செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில கைமாறுற அத்தனை ஆடும் ரெட் மீட்தான். நம்ம ஞாயித்துக்கிழமையே ரெட் மீட்தான்!

*

இப்ப என் கதை.

2015 அக்டோபர் 26. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பிரான்ஸ்ல லியோன்ல இருக்கு, ஒரு அறிவிப்பு விட்டாங்க. 10 நாட்டுலேருந்து வந்த 22 நிபுணர்கள் 800க்கும் மேல ஆய்வுகளைப் படிச்சுப் பார்த்துட்டு சொன்னது. சாசேஜ், பேக்கன் மாதிரி பதப்படுத்துன இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும், அது முதல் குரூப். சிவப்பு இறைச்சி "அநேகமா" உண்டாக்கலாம், அது 2-ஏ குரூப்.

அடுத்த நாள் பேப்பர்ல, டிவில எல்லாம் ஒரே செய்தி: கறி சாப்பிட்டா கேன்சர், சிகரெட்டும் கறியும் ஒண்ணு. நானும் நம்பினேன். நம்பினது மட்டுமில்ல, திண்டிவனத்துல எங்க வீட்டுக்குப் போறப்பல்லாம் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து பிரசங்கம் பண்ணுவேன். அப்பா காதுலயே வாங்கல. "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் தின்னாரு"ன்னு முடிச்சுடுவார். (இந்தத் தாத்தா எல்லா வீட்டுலயும் இருக்கார் போல.)

2021ல அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வெச்சாங்க. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் சொன்னது இதுதான்: கொழுப்புக் கறி, வறுவல் வேண்டாம். உப்பு, எண்ணெய் குறைங்க. சாதத்தையும் குறைங்க, சுகர் இருக்கு. சிகரெட்டை நிறுத்துங்க.

அஞ்சு விஷயம் சொன்னார். வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒண்ணே ஒண்ணு: கறி கூடாது. அதை அப்படி ஆக்குனது நான்தான். "இனிமே இந்த வீட்டுல மட்டன் வாங்கக்கூடாது, யாருக்குமே"ன்னு சட்டம் போட்டேன். அப்பா ஒருத்தர் மட்டும் விட்டா ஏங்குவார், அதனால மொத்த வீடும் விடணும்னு நியாயம் வேற பேசினேன். நான் இருக்கிறது விழுப்புரத்துல, சட்டம் போடுறது திண்டிவனத்துக்கு! நல்லா இருக்குல்ல?

ரெண்டு வருஷம் அந்தச் சட்டம் ஓடுச்சு. என்ன ஆச்சுன்னா, ஞாயித்துக்கிழமை தட்டுல கறி இருந்த எடத்துல உருளைக்கிழங்கு வறுவல், காலிஃப்ளவர் சில்லி, அப்பளம் வந்துச்சு. சாதம் ரெண்டாவது தடவை, மூணாவது தடவை. சாயங்காலம் "மத்தியானம் நல்லா சாப்பிடவே இல்ல"ன்னு பரோட்டா. அப்பாவோட மூணு மாச சுகர் கணக்கு, எச்பிஏ1சி, 7.2லேருந்து 8.4க்குப் போச்சு.

இதைவிடப் பெரிய விஷயம் அண்ணியோடது.

அண்ணிக்கு 38 வயசு. ஜவுளிக்கடையில வேலை, நாள் பூரா நின்னுக்கிட்டே. 2023ல ஒரு நாள் கடையிலயே மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்தா ஹீமோகுளோபின் 8.1. பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும். 8க்குக் கீழ போனா கடுமையான சோகைங்கிறாங்க, அந்தக் கோட்டு மேலயே நின்னுக்கிட்டு இருந்திருக்காங்க. மாசாமாசம் ரத்தப்போக்கு அதிகம்னும் அப்பத்தான் எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது. பல வருஷமா அப்படித்தானாம். யார்கிட்டயும் சொல்லல. நாங்களும் கேக்கல.

கறியை நிறுத்தினதாலதான் அண்ணி விழுந்தாங்கன்னு சொல்ல வரல. அது பொய்யாயிடும். ரத்தப்போக்குதான் முதல் காரணம். ஆனா டாக்டரம்மா கேட்டாங்க, "ஈரல், கறி, முட்டை ஏதாவது சாப்பிடறீங்களா?"ன்னு. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. திட்டலை, ஒண்ணும் பண்ணலை. சும்மா பார்த்தாங்க. அந்தப் பார்வைக்கு அப்புறம்தான் நான் 2015 அறிக்கையை ஒழுங்கா முழுசா படிச்சேன்.

*

படிச்சதுல புரிஞ்சதை என் பாஷையில சொல்றேன்.

ஒண்ணு. அந்தக் குரூப் பிரிச்சது, ஒரு பொருள் கேன்சர் உண்டாக்குமாங்கிறதுக்கு ஆதாரம் எவ்வளவு உறுதின்னு சொல்றதுக்கு மட்டும்தான். எவ்வளவு ஆபத்துங்கிறதுக்கு இல்ல. சாசேஜும் சிகரெட்டும் ஒரே குரூப்னா, ரெண்டுக்கும் ஆதாரம் உறுதின்னு அர்த்தம். அளவு வேற. அதே அமைப்பு அப்பவே எடுத்துக்காட்டின மதிப்பீடு இது: பதப்படுத்தின இறைச்சி அதிகம் சாப்பிடறதால உலகத்துல வருஷத்துக்கு சுமார் 34,000 கேன்சர் சாவு, புகையிலையால சுமார் 10 லட்சம், மதுவால சுமார் 6 லட்சம். டாஸ்மாக்ல குவார்ட்டர் வாங்கி சைடுல மட்டன் சுக்கா வெச்சுக்கிட்டு "மட்டன் உடம்புக்கு ஆகாதுப்பா"ன்னு பேசறவங்களை நானே பார்த்திருக்கேன். மதுவும் அதே முதல் குரூப்தான் சாமி.

ரெண்டு. 17 சதவீதம்ங்கிற நம்பர். தினமும் 100 கிராம் சிவப்பு இறைச்சி சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 17% கூடலாம்னு கணக்கு. பதப்படுத்தினதுன்னா தினமும் 50 கிராமுக்கே 18%. இந்த 17 எப்படி வேலை செய்யுதுன்னா, 100 பேர்ல 4 பேருக்கு வர்ற நோய் 17% கூடினா 4.7 பேர் ஆகும். 21 பேர் ஆகாது. நான் 21ன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். (பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறு எடுத்தவன்.) அதுலயும் நம்ம நாட்டுல பெருங்குடல் புற்றுநோய் மேலைநாடுகளைவிட ரொம்பக் கம்மி.

மூணு. "தினமும் 100 கிராம்". இதுதான் முக்கியம். எங்க வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சட்டத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை அரை கிலோ எடுப்போம். எலும்பு போனா 350 கிராம். வெந்து தண்ணி வத்தினா 250 கிராம் தேறும். வீட்டுல 6 பேர். ஆளுக்கு 40 கிராம், அதுவும் வாரத்துக்கு. அந்த ஆய்வுக் கணக்குல ஒருத்தருக்கு வாரத்துக்கு 700 கிராம்!

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம்னு ஒண்ணு இருக்கு. கறி விஷயத்துல கண்டிப்பான பார்ட்டி. அவங்களே சொல்றது, ஒருத்தர் வாரத்துக்கு சமைச்ச கறி 350லேருந்து 500 கிராமுக்கு மேல போகாம பார்த்துக்குங்கன்னுதான். எங்க மொத்த வீட்டோட கறியும் சேர்ந்து அந்த ஒரு ஆளோட வரம்பைக்கூடத் தொடல.

அதுவும் வருஷம் பூரா கெடையாது. புரட்டாசி ஒரு மாசம் அவுட். ஞாயித்துக்கிழமை அமாவாசையோ கிருத்திகையோ வந்தா அவுட். மயிலம் முருகனுக்கு மாலை போட்டா அவுட். நம்ம ஊரு காலண்டரே பாதி டயட்டீஷியன் வேலையைப் பார்த்துடுது.

*

"அப்ப கறி நல்லதுங்கிறியா, சும்மா அடிச்சு விடறியா"ன்னு கேப்பீங்க. இருங்க. மறுபக்கமும் இருக்கு, அதை மறைச்சா நானும் பழைய பிரசங்கிதான்.

2019ல ஒரு ஆராய்ச்சிக் குழு, கறி கெடுதல்ங்கிறதுக்கு ஆதாரம் பலமா இல்ல, சாப்பிடற அளவுலயே சாப்பிடுங்கன்னு அமெரிக்க மருத்துவ இதழ் ஒண்ணுல எழுதினாங்க. ஹார்வர்ட் ஆளுங்க கடுமையா எதிர்த்தாங்க. 2021ல கேரளாவுல பொறந்து கனடாவுல இருக்கிற இதய டாக்டர் சலீம் யூசுஃபோட பெரிய ஆய்வு வந்துச்சு. 21 நாடு, 1,34,297 பேர், இந்தியாவும் உண்டு. பதப்படுத்தாத சிவப்பு இறைச்சி வாரத்துக்கு 250 கிராமும் அதுக்கு மேலயும் சாப்பிட்டவங்களுக்கு, 50 கிராம்கூட சாப்பிடாதவங்களைவிட சாவோ மாரடைப்போ கூடினதா தெரியல. ஆனா பதப்படுத்தினதை வாரத்துக்கு 150 கிராமும் அதுக்கு மேலயும் சாப்பிட்டவங்களுக்கு சுமார் 50% கூட இருந்துச்சு.

அதோட முடிஞ்சுதான்னா இல்ல. 2024ல 20 நாட்டு 19.7 லட்சம் பேரோட கணக்கை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. தினமும் 100 கிராம் சிவப்பு இறைச்சிக்கு சுகர் வியாதி வாய்ப்பு 10% கூடுது, பதப்படுத்தினது தினம் 50 கிராமுக்கு 15% கூடுதுன்னு. இந்த மாதிரி ஆய்வெல்லாம் மனுஷங்களைக் கவனிச்சு எழுதறதுதான். கறி நிறைய திங்கிறவன் சிகரெட்டும் புடிப்பான், நடக்க மாட்டான். எது எதால வந்துச்சுன்னு பிரிக்கிறது கஷ்டம். அதனாலதான் இந்த இழுபறி.

ஆனா சில விஷயத்துல இழுபறி கெடையாது. கறிக் கொழுப்புல இருக்கிற நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல்லை ஏத்தும். கறியைக் கரி ஆகுற வரைக்கும் நெருப்புல வாட்டினா வேண்டாத ரசாயனம் உண்டாகும். குக்கர்ல வேகவெச்ச குழம்புல அது கம்மி. இந்த விஷயத்துல நம்ம அம்மாக்களோட குழம்பு, ரோட்டோர கிரில்லைவிட எவ்வளவோ தேவலை. அப்புறம் உப்புக்கண்டம்! மரக்காணம் உப்பைப் போட்டு வெயில்ல காயவெச்சு வறுத்துத் திங்கிறோமே, உப்பு போட்டுப் பதப்படுத்தினதுதானே அதுவும். சாசேஜ் வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு நெனச்சா நம்ம பரண்லயே ஒண்ணு தொங்குது. வருஷத்துக்கு நாலு தடவை திங்கிறதுக்கு யாரும் பயப்பட வேண்டாம். ஆனா இப்ப விழுப்புரம் டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஃப்ரீசர்லயே சாசேஜும் சலாமியும் வந்துடுச்சு. பசங்க டிபன் பாக்ஸ்ல அதை தினம் வெக்கிறதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி எவ்வளவோ மேல்.

சரி, நல்லது என்ன? கறியில இருக்கிற இரும்பு உடம்புல சுலபமா சேரும். கீரையிலயும் கேழ்வரகுலயும் இருக்கிற இரும்பு அந்த அளவுக்குச் சேராது. இன்னொரு சங்கதியும் இருக்கு, இது எனக்கே புதுசு. கீரையோட சின்னத் துண்டு கறியோ மீனோ சேர்த்துச் சாப்பிட்டா, கீரையில இருக்கிற இரும்பையும் உடம்பு கூடுதலா எடுத்துக்கும். ஆக 40 கிராம்னாலும் சும்மா இல்ல. சாப்பிட்ட உடனே டீ குடிச்சா நேர் எதிர், கீரை இரும்பு சேர விடாம கெடுத்துடும். அண்ணி தினமும் மத்தியானம் கடையில சாப்பிட்டு கை கழுவினதும் டீதான் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பி12 வைட்டமின் இயற்கையா அசைவத்துலயும் பால், முட்டையிலயும்தான் இருக்கு. வெள்ளாட்டுக்கறி, கொழுப்பை நீக்கிட்டா, மத்த சிவப்புக் கறியைவிடக் கொழுப்பு கம்மியான கறி.

இதை நம்ம ஊரோட வெச்சுப் பாருங்க. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15லேருந்து 49 வயசுப் பெண்கள்ல 53.4% பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! இன்னொரு பக்கம் 2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுல, விழுப்புரத்துலேருந்து ஒரு மணி நேரத்துல போற புதுச்சேரியில 26.3% பேருக்கு சுகர். நாட்டுலயே ரெண்டாவது எடம். தமிழ்நாடு 14.4%, இந்தியா 11.4%. அதே ஆய்வுக் குழு 2025ல சொன்னது, நம்ம சாப்பாட்டுல 62% சக்தி சாதம், கோதுமை, சர்க்கரை மாதிரி மாவுச்சத்துலேருந்து வருதுன்னு. அதுல கொஞ்சத்தைக் குறைச்சுட்டு பருப்பு, பால், முட்டை, மீன் புரதம் சேர்த்தா சுகர் வாய்ப்பு குறையுது. சிவப்பு இறைச்சியைச் சேர்த்தா அந்தப் பலன் தெரியலயாம். கறிப்பிரியர்கள் இந்தக் கடைசி வரியை ரெண்டு தடவை படிங்க.

சுகர்காரர் தட்டுல பெரிய வில்லன் மலை மாதிரி குவிச்ச சாதம்தான். நடுவுல இருக்கிற நாலு துண்டு கறிக்குத்தான் கெட்ட பேரு.

*

இதெல்லாம் படிச்சு முடிச்சப்புறம்தான் எனக்கு வேற ஒண்ணு உறைச்சுது.

நம்ம பக்கம் கிராமத்துல கூறுக்கறி தெரியும்ல? நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி அடிச்சு, பனை ஓலையிலயோ வாழை இலையிலயோ கூறு போடுவாங்க. எல்லாக் கூறுலயும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் நெஞ்செலும்பு, கொஞ்சம் ஈரல், கொஞ்சம் குடல். ஒரு துண்டு கூடக் குறைய ஆனா சண்டையே வரும். "எங்கூறுல ஈரல் எங்கடா?"ன்னு. அவ்வளவு நியாயம்.

அந்தக் கூறு வீட்டுக்குள்ள வந்ததும் என்ன ஆகுது?

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். அந்த 250 கிராம்ல அப்பாவுக்கு 100. அண்ணனுக்கு 70. பசங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து 60. மீதி 20 கிராமும், எலும்பும், குழம்பும் அம்மாவுக்கும் அண்ணிக்கும். கடைசியா சாப்பிடறவங்க அவங்கதானே. சட்டி வழிச்ச சாதம்தான் அவங்க கறி. "எனக்குக் குழம்பு போதும்பா"ன்னு அம்மா சொல்லி எத்தனை வருஷம் கேட்டிருக்கோம்! அதை அவங்க ருசின்னு நெனச்சுட்டோம்.

அதாவது, கொழுப்பும் சுகரும் இருக்கிற, கறி குறைக்க வேண்டிய ஆளுக்கு அதிகக் கூறு. ரத்தமே இல்லாம நிக்கிற, கறி வேண்டிய ஆளுக்குக் கூறே இல்லை. நல்லதா கெட்டதான்னு நான் 2015லேருந்து கத்துனதெல்லாம், யார் தட்டுல எவ்வளவுன்னு ஒரு தடவைகூடப் பார்க்காம கத்துனது. அப்பா தட்டைப் பார்த்து சட்டம் போட்டேன். அது அண்ணி தலையில விழுந்துச்சு.

சட்டம் வர்றதுக்கு முன்னாடி அம்மா ஒண்ணு செய்வாங்க. அண்ணிக்கு ரெண்டு பிரசவத்துக்கு அப்புறமும் கறிக்கடை பாய்கிட்ட முதல் நாளே சொல்லி சுவரொட்டி வாங்கி வருவாங்க. ஆட்டோட மண்ணீரல். ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான், அதனால கிராக்கி. அதைச் சுட்டோ வதக்கியோ, "ரத்தம் ஊறும், தின்னு"ன்னு கொடுப்பாங்க. நான் படிச்சவன்ல, மூடநம்பிக்கைன்னு சிரிச்சிருக்கேன். மண்ணீரல்ல சாதாரணக் கறியைவிடப் பல மடங்கு இரும்பு இருக்காம். அம்மா படிச்சது அஞ்சாவது.

*

இன்னொண்ணும் சொல்லிடறேன். மாட்டுக்கறி பேச்சு வந்தாலே நம்மாளுங்க சட்டுன்னு மருத்துவர் ஆயிடுவாங்க. "அது சூடு, அது கொழுப்பு, அது ஆகாது." ஆட்டுக்கறியைப் பத்தி இந்த அக்கறை வராது. கொழுப்பில்லாத மாட்டுக்கறியில இரும்பும் துத்தநாகமும் பி12ம் நல்லாவே இருக்கு. விலை ஆட்டுக்கறியைவிட ரொம்பக் குறைவு. உழைக்கிற நிறைய வீட்டுக்குக் கட்டுப்படியாகுற கறி அதுதான். அந்த ஆய்வுகள்ல ஆட்டுக்கு ஒரு மார்க், மாட்டுக்கு ஒரு மார்க்னு யாரும் போடல. சாதியை உள்ள வெச்சுக்கிட்டு வெளியில ஆரோக்கியம் பேசறது நேர்மை இல்ல. சாப்பிடாதவங்க சாப்பிட வேண்டாம். அது அவங்க இஷ்டம், அதுவும் மரியாதைக்குரியதுதான். முருங்கைக்கீரை, பருப்பு, பால், நம்ம திண்டிவனம் மல்லாட்டை எல்லாம் வெச்சு சைவத்துலயும் நல்லா வாழலாம். (மல்லாட்டை ரகத்துக்கு டி.எம்.வி.ன்னு பேர் வர்றதே திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தாலதான். எங்க ஊரு பெருமையை நடுவுல சொருகிட்டேன், மன்னிச்சுக்குங்க.) பி12 மட்டும் அப்பப்ப பார்த்துக்கணும்.

எதிர்ப்பக்கம் பேலியோ நண்பர்கள். சோத்தைக் குறைச்சு சுகரைக் கட்டுப்படுத்தினவங்களை நானே பார்த்திருக்கேன், அதை மறுக்கல. ஆனா அதுக்காக தினம் அரை கிலோ கொழுப்புக் கறி தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றதை ஒத்துக்க முடியல. எல்டிஎல் ஏறுதான்னு ரத்தப் பரிசோதனை பண்ணாம தைரியம் சொல்லாதீங்க.

இன்னும் சில பேருக்கு இந்தப் பதிவே பொருந்தாது. கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க, யூரிக் அமிலம் ஏறி மூட்டுவலி இருக்கிறவங்க, அவங்க டாக்டர் சொல்றபடிதான் நடக்கணும். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு ஈரல் அளவு மீறக்கூடாது, வைட்டமின் ஏ அதிகமாயிடும். சோகைக்குக் கறியே மருந்துன்னும் நெனச்சுடாதீங்க. அண்ணிக்கு உதவுனது முதல்ல இரும்பு மாத்திரையும், ரத்தப்போக்குக்கு எடுத்துக்கிட்ட வைத்தியமும்தான். ஏழு மாசத்துல 11.6 வந்துச்சு. கறி கூட நின்னு உதவி பண்ணிச்சு, அவ்வளவுதான்.

*

இப்ப எங்க வீட்டு ஏற்பாடு இது. ஞாயித்துக்கிழமை அதே அரை கிலோ. பாய்கிட்ட சொல்லி கொழுப்பை எடுத்துட்டு வெட்டச் சொல்லுவோம். தேங்காய் பாதியாச்சு, வறுவல் கெடையாது, குழம்புதான். கூடவே ஒரு கீரை. அப்பாவுக்கு சின்னத் துண்டா மூணு, ஒரு கரண்டி சாதம் குறைவு. முதல்ல மொறைச்சார், இப்ப பழகிட்டார். கூட எலும்பைக் கொடுத்தா சமாதானம் ஆயிடறார். சுகர் 7.4ல நிக்குது.

அண்ணிக்கும் அம்மாவுக்கும் குழம்பு இறக்கினதும் தனிக் கிண்ணத்துல எடுத்து வெச்சுடணும். பரிமாறின மிச்சம் இல்ல, முதல்லயே எடுத்து வெக்கிறது. இதைச் செய்ய வேண்டியது நான் போற ஞாயித்துக்கிழமை நானு, போகாத வாரம் அண்ணன். ஆரம்பத்துல அண்ணி அந்தக் கிண்ணத்துலேருந்து எடுத்து பசங்க தட்டுல போட்டுடுவாங்க. இப்ப பெரியவன் கையை வெச்சுத் தட்டை மறைச்சுக்கிறான். "உங்கூறு நீ சாப்பிடும்மா"ங்கிறான்.

டீ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுதான். இதுதான் இருக்கிறதுலயே கஷ்டமான சட்டம்னு அண்ணி சொல்றாங்க.

பஸ் நண்பர்கிட்ட நான் சொன்னதும் சுருக்கமா இதுதான்: கறியைப் பத்தி டாக்டர்கிட்ட "எவ்வளவு, எப்படி"ன்னு இன்னொரு தடவை கேளுங்க, சாதத்தைப் பத்தி அவர் சொன்னதையும் ஞாபகம் வெச்சுக்குங்க, வீட்டுல மத்தவங்களுக்கு ரத்தம் எவ்வளவு இருக்குன்னு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க. விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுல எறங்கும்போது மனுஷன் கேட்டார், "எங்க வீட்டுல அவ எப்பவும் குழம்பு மட்டும்தான் சார் ஊத்திக்குவா, ஏன்னு நான் கேட்டதே இல்ல."

நானும்தான் சார் கேட்டதில்ல.

உங்க வீட்டுல கூறு எப்படி? சும்மா இந்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவை பாருங்க. பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை. ஆட்டுக்கறி விலை ஏறினதைப் பத்தித் தனியா ஒரு அழுகைப் பதிவு போடலாம்னு இருக்கேன், அப்ப எல்லாரும் சேர்ந்து அழலாம் :-)